அஞ்சலை குழியில் இறங்கிய ஆடி

அஞ்சலையின் வீட்டுக்காரர் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அப்படியிருக்க, போன சித்திரையில் ஒரு மதியம் அவள் அண்ணன் சம்பந்தம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, குழம்பு ஊற்ற வந்தவளிடம், "மாப்ள சாப்ட்டாரா?" என்று கேட்டார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "எந்த மாப்ளண்ணா?"

"எந்த மாப்ளயா? இன்னாமே பேசற. உன் ஊட்டுக்காரரத்தான் கேக்கறேன். காலைலேர்ந்து ஆளையே காணோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அண்ணன். குமணன்சாவடி சிக்னலில் லாரி அடித்துப் போட்ட உடம்பை அடையாளம் காட்டியதே அவர்தான். "அவர் பூட்டாருண்ணா. நீதானே ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கிகினு போன," என்றாள் அஞ்சலை, மெதுவாக.

சம்பந்தம் அவளையே பார்த்தார். பிறகு அன்றைக்குத்தான் சேதி வந்ததுபோல எச்சில் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்து, "மோர் கீதா?" என்று கேட்டார். மோர் இருந்தது. ஊற்றினாள்.

அந்த அண்ணன் அவளுக்கு எப்படிப்பட்ட அண்ணன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாலி அறுத்த பதினாறாம் நாள், புருஷன் வீட்டார் அவளைத் துணி மூட்டையோடு தெருவில் நிறுத்தியபோது, டூட்டி உடுப்போடு சைக்கிளில் வந்து நின்றவர் அவர். ஆவடி ராணுவ டாங்கி பாக்டரியில் ஃபிட்டர். "மூட்டைய பின்னாடி கட்டு, நீ முன்னாடி ஒக்காரு," என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு ரூம். அண்ணி நல்லவள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளை ஜெகதீஷை வளர்த்ததும் அஞ்சலைதான். அண்ணன் ரிட்டையர் ஆனதும் சேக்காட்டில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடி வந்தார்கள். ஜெகதீஷ் கல்யாணம் கட்டி, கம்பெனி வேலையோடு குமணன்சாவடிப் பக்கம் பிளாட்டுக்குப் போய்விட்டான். அண்ணனும் தங்கையும் மிச்சம்.

அஞ்சலை சும்மா இருந்தவள் இல்லை. வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை. ஆவடியில் பஸ் ஏறி பூந்தமல்லியில் மாறிப் போவாள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தே அவளுக்குக் கண்ணீர் தீர்ந்துவிட்டது என்று கூட வேலை செய்கிற சபீனா கிண்டல் பண்ணுவாள்.

சம்பந்தத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. ஏரிக்கரை அம்மன் கோயிலில் ஆடி மாசத் தீமிதிக்குச் சக்தி கரகம் எடுக்கிறவர் அவர். செம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் கூம்பாகக் கட்டி, கையால் பிடிக்காமல் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நெருப்பில் இறங்குவார். குழி தாண்டி, பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைத்து, கரகத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோய் இறக்குவார். அவர் காலில் ஒரு கொப்புளம் வந்து யாரும் பார்த்ததில்லை. தீட்டு இல்லாதவனை நெருப்பு சுடாது, தப்பு செய்தவனைத்தான் சுடும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அஞ்சலைக்கும் அதே நம்பிக்கைதான். அறுத்தவள் என்பதால் கரகம் ஜோடிக்கிற இடத்துக்கோ குழிப் பக்கமோ அவள் போகமாட்டாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிடுவாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சோற்றுத் தட்டுச் சங்கதிக்குப் பிறகு அவள் கண் அண்ணன்மேலேயே இருந்தது. ஒருநாள் வாசல் குழாய் சொட்டுகிறது என்று கழற்றினார். அவள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, சுற்றிலும் வாஷரும் திருகாணியுமாகப் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். தெருவெல்லாம் தண்ணீர். டாங்கி கழற்றி மாட்டிய கை அது. "எவனோ ஒரு பார்ட்ட எடுத்துகினு பூட்டான்மே," என்றார். எல்லாம் கண் முன்னால்தான் கிடந்தது.

சபீனாவிடம் சொன்னாள். சபீனா முட்டைகோஸை நறுக்குவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்பாவை அவள் அத்தா என்பாள்.

"எங்க அத்தாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுதுக்கா. செத்தவங்களயெல்லாம் தேடுவாரு. வயசாயிடுச்சுன்னு சிரிச்சிகினு இருந்தோம். ஒருநாள் பாத்தா மொட்ட மாடி கைப்பிடி சொவத்து மேல ஏறி ஒக்காந்துகினு கீறாரு, பஸ்ஸுல ஒக்காந்த மாதிரி. அது சீக்குக்கா. மூளையில வர்றது. டாக்டராண்ட காட்டு."

"மருந்து குட்த்தா சரியாப்பூடுமா?"

"ஆவாது. ஆனா சீக்குன்னு ஊட்ல எல்லாருக்கும் தெரிஞ்சா, ஆள தனியா உடமாட்டாங்க இல்ல?"

இதை அண்ணன் பிள்ளையிடம் சொல்லலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் மனோகரன். வீட்டு மனை புரோக்கர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய குங்குமம். அவருடைய அப்பா பச்சையப்பனும் சம்பந்தமும் இளவட்டத்தில் சேர்ந்து மண்ணைக் கொத்தி எழுப்பிய கோயில் அது. பச்சையப்பன் செத்து வெகுகாலம். சம்பந்தத்தை மனோகரன் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பூசை முடிந்து மனோகரன் கற்பூரத் தட்டை ஒத்திக்கொள்ளக் குனிந்தபோது, சம்பந்தம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய் பச்சையப்பா, மம்புட்டிய எங்கடா வச்ச? பொழுது போய்கினே கீது, இன்னும் ஒரு அடி தோண்டல."

மனோகரனின் கண் நிறைந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அம்மா, எங்கப்பன் பேர சொல்லிக் கூப்புட்டியே தாயே. தோண்டச் சொல்றியே."

கோயிலுக்குக் கடைக்கால் தோண்டிய நாளில் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தவள் அஞ்சலை. அண்ணன் அந்த நாளுக்குள் போய் நின்றுகொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுவாரமே மனோகரன் கோயில் பின்புறம் போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஏரிக்கரையில் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் வரும் என்பது சேக்காட்டில் நண்டு சிண்டுக்கும் தெரியும். ஆனாலும் அது அம்மன் காட்டிய தண்ணீர் ஆகிவிட்டது.

அப்புறம் என்னத்தைச் சொல்ல. வெள்ளிக்கிழமை ஆனால் சம்பந்தத்தின் முன்னால் வரிசை நின்றது. புது பிளாட்டுகளில் குடி வந்தவர்கள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கைகட்டி நின்றார்கள். அவர் "ரெண்டாவது ஷிப்டு போயிடுச்சா?" என்பார். வெளிநாட்டு வேலை தள்ளிப்போகும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அம்மன் பாட்டின் ஒரே அடியை அவர் திரும்பத் திரும்பப் பாடினால் அருள் முற்றுகிறது என்பார்கள். மறதிக்கெல்லாம் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷ் வந்தான். அஞ்சலை அவனை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அத்த, ஊரே நைனா கால்ல உழுது. நீ இன்னாடான்னா அவருக்கு மூளக் கோளாறுன்ற."

"கோளாறுன்னு சொல்லலடா. சீக்குன்னு சொல்றேன். ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாம். ஒண்ணுமில்லன்னா நான் அம்மனுக்கு மொட்ட போட்டுக்கறேன்."

"சரி சரி, அழாத. ஆடி வரட்டும், லீவு போடறேன். பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய டாக்டர் கீறாராம்."

அவன் லீவு போடுவதற்குள் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் தீமிதி முடிகிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ரயில் தண்டவாளம் ஒரு எல்லை, ஏரி மதகு ஒரு எல்லை. டாக்டர் அதற்கு வெளியே இருந்தார். "தீமிதி முடியட்டும் அத்த. இத்தன நாள் போச்சு, இன்னும் பத்து நாள்ல இன்னா ஆயிடப் போவுது," என்றான் ஜெகதீஷ்.

என்ன ஆகும் என்று அஞ்சலைக்குத் தெரியும். தட்டின் முன்னால் உட்கார்ந்து எதற்கு உட்கார்ந்தோம் என்று மறந்துபோகிறவர், நெருப்பில் நடக்கும்போது எதற்கு நடக்கிறோம் என்று மறந்துபோனால்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவள் கத்தி காயில் நிற்கவில்லை. இரண்டு விரலை அறுத்துக்கொண்டாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அப்படியும் ஒரு காலையில், அவள் குளித்துவிட்டு வருவதற்குள், ஆள் இல்லை. பழைய டிபன் பாக்ஸும் இல்லை. தேடி ஓடினாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பாக்டரி கேட்டில் செக்யூரிட்டி போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் காப்பு. மடியில் காலி டிபன் பாக்ஸ்.

"கார்டு பஞ்ச் பண்ணணும்னு நிக்கறாருமா. நானும் எவ்ளோ சொல்லிட்டேன்," என்றான் செக்யூரிட்டி, பாவம் நல்ல பையன். "தண்ணி குட்த்தேன். குடிச்சாரு."

கையைப் பிடித்துத் தண்டவாளம் தாண்டிக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் அஞ்சலைக்கு உறைத்தது. காப்புக் கட்டினவர் எல்லை தாண்டிவிட்டார். இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கூடவே அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. காப்பு முறிந்தால் கரகம் எடுக்க முடியாது. அம்மனே ஒரு வழி விட்டிருக்கிறாள். அண்ணனின் மானம் போகும், போகட்டும். கால் மிஞ்சும். அன்றைக்கே மனோகரன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மனோகரா, எங்கண்ணன் எல்ல தாண்டிட்டாரு. பாக்டரி கேட்டாண்ட ஒக்காந்துகினு இருந்தாரு. நான்தான் இட்டுகினு வந்தேன். காப்ப அவுத்துடு. கரகம் வேற யாராச்சும் எடுக்கட்டும்."

மனோகரன் சுற்றும் முற்றும் பார்த்தார். "யார்னா பாத்தாங்களா?"

"அம்மா பாத்தா. அது போதாதா?"

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "அத்த, பெரிப்பா எங்க போனாரு? அவர் ஒடம்புல அம்மா இல்ல எறங்கிகீறா. எல்லய சுத்திப் பாக்கப் போயிருக்கா. இந்த வருசம் ஊருக்கு ஒரு கொறையும் வராது பாரு."

"அவருக்கு சீக்குப்பா. என் ஊட்டுக்காரரு எங்கன்னு கேக்கறாரு. வெளக்கேத்தற நேரத்துக்கு டூட்டிக்குக் கெளம்பறாரு. குழிக்குள்ள போயி நின்னுட்டாருன்னா இன்னா பண்ணுவ?"

"பதினெட்டு வருசமா எடுக்கறவரு அத்த. அவர் காலுக்கு வழி தெரியும்."

"அப்ப யாராவது ஒருத்தர் கையப் புடிச்சிகினு கூடப் போங்க. அதையாச்சும் செய்."

"மொதல் கரகம் தனியாத்தான் எறங்கணும். உனக்குத் தெரியாததா?" குரல் மாறியது. "நோட்டீஸ் அடிச்சாச்சு. பெரிப்பா போட்டோ போட்டு, அருள்வாக்குச் சித்தர்னு போட்டுகீது. ஆவடி பூரா ஒட்டியாச்சு. நீ இத வெளிய பேசிகினு திரியாத. நல்லது நடக்கற எடத்துல உன்ன மாதிரி இருக்கறவங்க வாய தொறக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

அஞ்சலை திரும்பிவிட்டாள். வழியில் மூடியிருந்த கோயில் கதவைப் பார்த்துக் கும்பிட்டு, "நீயாவது சொல்லேன் தாயே," என்று கேட்டாள். ஜெகதீஷுக்குப் போன் போட்டாள். அவன் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான்.

தீமிதி அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். பம்பை உடம்புக்குள் புகுந்து அடித்தது. கட்டை எரிந்து தணலாகி, குழி நெடுகச் செக்கச் சிவந்து கிடந்தது. அஞ்சலை இந்த முறை கூட்டத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. இடித்துக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு, குழியின் பக்கவாட்டில் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

சம்பந்தம் கரகத்தோடு வந்தார். பம்பைக்காரர்கள் வழிவிட்டார்கள். குழிக்கு முன்னால் நின்று தலை ஆட்டாமல் கும்பிட்டார். இறங்கினார். முதல் எட்டு, இரண்டாவது எட்டு, எல்லாம் வழக்கம்போலத்தான். கூட்டம் பெருங்குரல் எடுத்தது. மனோகரன் சொன்னது சரிதானோ, காலுக்கு வழி தெரியுமோ என்று அஞ்சலைகூட நினைத்தாள்.

நடுக் குழியில் அவர் நின்றார்.

தலையில் ஏதோ பாரம் இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல இரண்டு கையையும் உயர்த்தி, கரகத்தைத் தலையிலிருந்து எடுத்தார். எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீட்டில் தண்ணீர்க் குடத்தை வைக்க இடம் பார்ப்பதுபோல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காலின் கீழே நெருப்பு இருந்தது. அவர் முகத்தில் வலி வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாத முகம்.

யாரும் அசையவில்லை. அருள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. காப்புக் கட்டாத, விரதம் இல்லாத, அறுத்த கால் இரண்டும் தணலில் பதிந்தன. அண்ணனின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். கரகம் விழுந்து செம்புத் தண்ணீர் நெருப்பில் சீறியது. பால் பள்ளத்தில் இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சீக்கிரம் ஆறியது. அவள் நின்றது கொஞ்ச நேரம்தான். அவருக்கு உள்ளங்கால் தோல் முழுக்கக் கழன்றுவிட்டது. சர்க்கரை வேறு. கட்டுப் போட்ட டாக்டர் அம்மா அவரிடம் நாள், கிழமை, ஊர் என்று சிலதைக் கேட்டுவிட்டு, ஜெகதீஷைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மறதி நோயாம் அத்த. ரெண்டு மூணு வருசமாவே இருந்திருக்கும்ன்றாங்க. நீ கூடவே கீற, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அஞ்சலை அவன் முகத்தைப் பார்த்தாள். சோறு ஊட்டி வளர்த்த முகம். நெஞ்சறிந்துதான் கேட்கிறான் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே மறந்துபோயிருந்தான். "பசிக்குதாடா, கேண்டீன்ல எதுனா சாப்டு," என்றாள்.

ஊர் வேறு தீர்ப்பை ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தது. அறுத்தவள் குழியில் இறங்கினாள். அதனால் அம்மன் சினந்தாள். அதனால் சித்தர் கால் வெந்தது. முன்னது எது பின்னது எது என்று யாரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் பரிகார பூசை நடந்தது. அஞ்சலை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மனோகரன் ஆள் விட்டுச் சொன்னார். அதோடு, பெரிப்பா தேறினதும் வெள்ளிக்கிழமையில் வீட்டிலேயே வாக்குக் கேட்க ஜனங்கள் வரலாமா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார். அஞ்சலை வந்த ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த முதல் மரியாதைக்கேடு அது. உள்ளே வந்து சாமி மாடத்தில் விளக்கேற்றி, அம்மனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாள்.

இப்போது தினமும் காலையில் கட்டுப் பிரித்து, மருந்து தடவி, வேறு கட்டுப் போட வேண்டும். பிரிக்கும்போதெல்லாம் சம்பந்தம் தன் காலையே புதிதாகப் பார்க்கிறார்.

"இது இன்னாமே, சுட்டுகீது?"

முதலில் அவள் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்றாள். அவர் நம்பவில்லை. ஃபிட்டர் கண், தணல் சுட்ட சூடு எது, வெந்நீர் சூடு எது என்று அதற்கு இன்னும் தெரிந்தது. "குழில சுட்டதுதானே? என்ன சுட்டுடுச்சா? நான் இன்னா தப்பு பண்ணேன்? யார் குடிய கெடுத்தேன்?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். ஒன்றுமே செய்யவில்லை என்று அவள் சத்தியம் பண்ணினாள். ஒன்றும் செய்யாதவனை ஏன் சுடவேண்டும் என்று கேட்டார். தேற்ற முடியாத அழுகை அது. சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மறுநாள் கட்டைப் பிரித்ததும் மறுபடி முதலிலிருந்து அதே கேள்வி, அதே அழுகை.

அப்படி ஒரு காலையில்தான் அஞ்சலைக்கு அது வாயில் வந்தது.

"நீ ஒரு தப்பும் பண்லண்ணா. தப்பு என்னுது. நான் குழிக்குள்ள எறங்கிட்டேன். காப்பு கட்டாத, அறுத்த காலோட. அதான் அம்மாவுக்குக் கோவம். ஊரே சொல்லுது."

சம்பந்தத்தின் அழுகை நின்றது. முகத்தில் தெளிச்சி வந்தது. "அதான பாத்தேன்," என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு இன்னா வேல அங்க? அறிவு கீதா உனக்கு? பொம்பள, அதுவும் நீ, குழியாண்ட வரலாமா? தீட்டு பண்ணிட்டியே. கரகத்துக்கே தீட்டு பண்ணிட்டியேமே."

"பண்ணிட்டேண்ணா."

"உன்ன ஊட்ல வச்சதே தப்பு."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அழவில்லை. அன்றைக்குக் கஞ்சியைக் குடித்தார், அவள் ஊட்டக்கூடாது என்று சொல்லித் தானே எடுத்துக் குடித்தார். மூச்சு சீராக வந்தது.

அதிலிருந்து அஞ்சலை தினமும் அதையே சொல்கிறாள். தினமும் அவர் அதையே திருப்பிச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அவருக்கு நிம்மதி. அவள் அவருடைய இன்னொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருக்கிற துணியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, வலிக்காமல் பிரிக்கத் தொடங்குவாள்.